அப்பாவுக்கும் வி-க்கும் நடுவில்

எதையும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் ஜோதிலட்சுமிக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால், மாப்பிள்ளை யார் என்று படிப்பதற்கு முன்னால் பின்பக்கம் திருப்பி எந்த அச்சகம் என்று பார்ப்பாள். ஜாக்கெட் தைத்து வந்தால் உள்பக்கத்தைப் புரட்டி, தையல்காரர் எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறார் என்று தேடுவாள். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அவள் அம்மா அங்காளம்மாவுக்கு இது ஓயாத கேலி.

"உன்னியப் பொண்ணு பாக்க எவனாச்சும் வந்தான்னா, அவனையும் திருப்பி நிக்க வெச்சு முதுகப் பாப்பே போல கீதே."

"முன்னாடிப் பக்கத்ததான் எல்லாரும் பாக்கறாங்களேம்மா."

இந்தப் பழக்கம்தான் 2006-ஆம் வருஷம் அவளைக் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை அலுவலகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனி. முதலாளி லக்ஷ்மிநாராயணன், அவருக்குக் கீழே மகேஷ், அவ்வளவுதான் ஆள். நேர்முகத் தேர்வில் லக்ஷ்மிநாராயணன் அவளுடைய மார்க் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "வெப்சைட் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டார். கல்லூரியில் மூன்று வருஷமும் புரோகிராமைப் பெரும்பாலும் பேப்பரில் எழுதியே பாஸ் செய்தவள் அவள். பொய் சொல்ல வரவில்லை.

"பிரௌசிங் சென்டர் போனா எந்தப் பக்கத்தையும் ரைட் கிளிக் பண்ணி சோர்ஸ் பாப்பேன் சார். பக்கத்துக்குப் பின்னாடி எழுதியிருக்கறது."

"பாத்து?"

"அது எப்படி நிக்குதுன்னு பாப்பேன்."

அவர் சிரித்துவிட்டு, "சரி, மூணு மாசம் பார்க்கலாம்" என்றார்.

அந்த மூன்று மாதம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வீட்டில் இது யாருக்கும் தெரியாது. வேலை கிடைத்த அன்றைக்கே அங்காளம்மா, சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டே, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் பொண்ணு கம்ப்யூட்டர் கம்பெனில கீது" என்று சொல்லிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஜோதிதான். 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை அம்மாவிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, சொல்லாமலே விட்டுவிட்டாள். குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் கம்ப்யூட்டர் கவுண்டரில் நிரந்தர வேலை இருப்பதாகக் கல்லூரித் தோழி கிறிஸ்டினா சொல்லியிருந்தாள். வருகிறாளா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் ஜோதி சொல்ல வேண்டும்.

இந்த நிலைமையில்தான் திங்கட்கிழமை சாவித்ரி அம்மாவின் போன் வந்தது.

சாவித்ரி அம்மா சேலையூரில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர். பதினெட்டு வருஷமாக நீளநோட்டில் ஒட்டி வைத்திருந்த வரன்களையெல்லாம் இந்தக் கம்பெனிதான் வெப்சைட்டாகச் செய்து கொடுத்திருந்தது. நானூறு வரனும் ஒரே பக்கத்தில் வரிசையாக வரவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நோட்டில் அப்படித்தான் இருந்ததாம். "அப்பா", "அம்மா" என்கிற வார்த்தைகளுக்குப் பக்கத்தில் முதலில் இரண்டு புள்ளி வைத்திருந்தார்கள். "ரேஷன் கார்டு மாதிரி இருக்கு, எடுத்துடுங்கோ" என்று அதையும் எடுக்கச் சொன்னவர் அவர்தான்.

"பக்கம் திறக்கறதுக்குள்ள வந்தவா காபி குடிச்சுட்டுக் கிளம்பிடறா. என்னன்னு பாருங்கோ" என்றார் போனில்.

"அவங்களோடது டெலிபோன் ஒயர்ல வர்ற டயல்-அப் கனெக்‌ஷன் சார். நம்ம தப்பு இல்ல" என்றான் மகேஷ்.

ஜோதி தன் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வழக்கம்போல ரைட் கிளிக் செய்து பின்பக்கத்தைப் பார்த்தாள். முதல் வரனுக்கும் இரண்டாவது வரனுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. கீழே இறக்கினாள், அப்போதும் வெறுமை. திரை முழுக்க வெள்ளை. சுண்டெலி போல எங்கோ ஒரு வார்த்தை ஓடி மறைந்தது. மறுபடி வெள்ளை.

யாரும் எழுதாத இந்தக் காலி வரிகள் எங்கிருந்து வருகின்றன?

அன்று சாயங்காலம் பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் அவளுக்கு அதே யோசனை. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே யோசனையாக இருந்தவளை அங்காளம்மா உலுக்கினாள்.

"இன்னாடி, சோத்தப் பாத்துகினே குந்தியிருக்கே? ஆபீசுல எதுனா பேஜாரா?"

"ஒரு பக்கத்துல நெறைய காலி எடம் இருக்கும்மா. அது எப்படி வந்துச்சுன்னு தெரியல."

"அதுல இன்னா எழுதிகீது?"

"ஒண்ணுமில்ல. வெறும் காலி."

அங்காளம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "காலேல எட்டு மணிக்குக் குளிச்சிப் பூ வெச்சிகினு போய், ஒண்ணுமில்லாததப் பாத்துட்டா வர்றே?"

மறுநாள் ஜோதி டெம்ப்ளேட்டைத் திறந்தாள். டெம்ப்ளேட் என்பது இடம் விட்டு அச்சடித்த படிவம் மாதிரி. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறி, ஊர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறி. நானூறு வரனுக்கும் அந்த ஒரே படிவத்தைக் கம்ப்யூட்டர் நானூறு தடவை நிரப்பித் தருகிறது. நடுநடுவே கட்டளைகளும் உண்டு: 'நட்சத்திரம் தெரிந்தால் காட்டு', 'வேலை இருந்தால் காட்டு' என்று. கட்டளைகள் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், பக்கத்தில் வராது. மகேஷ் ஒவ்வொரு கட்டளையையும் தனி வரியில், படிக்கட்டு மாதிரி உள்ளே தள்ளித் தள்ளி அழகாக எழுதியிருந்தான்.

அவள் ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் ஒரு எண்ணைப் போட்டு ஓடவிட்டுப் பார்த்தாள். அந்த எண்களெல்லாம் காலி வரிகளில் போய் உட்கார்ந்திருந்தன. கட்டளை மறைந்துவிடுகிறது, ஆனால் அது உட்கார்ந்திருந்த வரியும், அதற்கு முன்னால் விட்ட இடமும் அப்படியே போய்ச் சேர்கின்றன. விருந்தாளி எழுந்து போனபிறகும் நாற்காலி கூடத்திலேயே கிடக்கிற மாதிரி. ஒரு வரனுக்கு முப்பது நாற்காலி என்றால் நானூறு வரனுக்கு? அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகேஷின் அழகான படிக்கட்டை சாவித்ரி அம்மாவின் டெலிபோன் ஒயர் தினமும் சுமந்துகொண்டிருக்கிறது.

இந்த டெம்ப்ளேட் மொழியின் விளக்கக் குறிப்பை அவள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதில் 'ஸ்ட்ரிப்' என்று ஒரு கட்டளை இருந்தது. ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று போட்டால் நடுவில் இருக்கிற அதிகப்படியான இடத்தையெல்லாம் உரித்து எடுத்துவிடும். போட்டாள். முந்நூற்றுப் பத்து கேபி இருந்த பக்கம் நூற்று முப்பதுக்கு இறங்கியது.

"பரவால்லையே!" என்றார் லக்ஷ்மிநாராயணன். மகேஷ் எட்டிப் பார்த்து, "என் அழகெல்லாம் போச்சே ஜோதி" என்று சொல்லிக்கொண்டே அதை சர்வரில் ஏற்றினான். வெள்ளிக்கிழமையைப் பற்றி அன்று முழுக்க அவள் கவலைப்படவே இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்னால் சாவித்ரி அம்மா. பின்னால், அயர்ன் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர். நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"இங்க யாரு இன்சார்ஜ்?"

"நான்தான் சார். சொல்லுங்க" என்று எழுந்தார் லக்ஷ்மிநாராயணன்.

"என் பேர் வி. தட்சிணாமூர்த்தி. என் பொண்ணு ஜாதகம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னு கொஞ்சம் படிங்க."

மகேஷ் தன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தான். எடுத்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சத்தமாப் படிப்பா."

"அப்பாவி. தட்சிணாமூர்த்தி" என்று படித்தான் மகேஷ்.

பெரியவர் நாற்காலியின் முதுகில் கையை ஊன்றினார்.

"முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேல டிக்கெட் பரிசோதகர் சார் நான். செங்கல்பட்டு லைன்ல என் தலையப் பார்த்தா ஆள் அடுத்த பெட்டிக்கு ஓடுவான். என்னை ஒருத்தன் அப்பாவின்னு சொன்னது கிடையாது. நேத்திக்கு ஒருத்தர் போன் பண்ணி, 'அப்பாவி தட்சிணாமூர்த்தி சாரா'ன்னு கேக்கறார்!"

"இன்னொரு பையன் வீட்டுல, மாமனார் அப்பாவியா இருந்தா நல்லதுதானேன்னு கேட்டா" என்று சாவித்ரி அம்மா சமாதானமாகச் சொன்னார். அது சமாதானமாக அமையவில்லை.

ஜோதி எழுந்து மகேஷின் திரையருகே வந்தாள். டெம்ப்ளேட்டில் 'அப்பா' ஒரு வரி. இனிஷியலும் பெயரும் அடுத்த வரி. நடுவில் இருந்த இடத்தை ஸ்ட்ரிப் உரித்து எடுத்துவிட்டது. அப்பாவும் வி-யும் ஒட்டிக்கொண்டார்கள். அப்பா எஸ்., அப்பா ஆர். என்று இருந்தவர்களும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவை வார்த்தையாகாததால் யார் கண்ணையும் உறுத்தவில்லை. 'ஊர்' என்பதோடு வலங்கைமான் ஒட்டி, 'ஊர்வலங்கைமான்' என்று பாதி தூரம் ஊர்வலம் போய் நின்றிருந்தது.

"இந்தப் பக்கத்தை அனுப்பறதுக்கு முன்னாடி யாராவது படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார் லக்ஷ்மிநாராயணன். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான்தான் சார் ஏத்தினேன்" என்றான் மகேஷ்.

"மாத்தினது நான் சார்" என்றாள் ஜோதி. "படிக்கல. என் மெஷின்ல தமிழ் எழுத்து வராது. கட்டம் கட்டமாத்தான் தெரியும். நான் இடத்தை மட்டும்தான் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. அவர்கள் தெருவில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவள் அவள். பஸ் போர்டு, பல்பொடி டப்பா, மீன் மடித்த பேப்பர் என்று எழுத்தாக எது கிடைத்தாலும் விடாதவள். அவள் வேலை செய்த பக்கத்தில் நானூறு குடும்பம் தமிழில் இருந்தது. அதில் ஒரு வரிகூட அவள் படிக்கவில்லை. கட்டங்களுக்கு நடுவில் இருந்த வெள்ளையை எண்ணிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் பார்க்கத் தெரிந்தவள் என்று இத்தனை நாள் உள்ளூர ஒரு பெருமை இருந்ததே, அது என்ன பெருமை?

"மகேஷ், பழைய ஃபைலையே போட்டுடு. ரெண்டு நிமிஷ வேலை" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"அப்போ மறுபடி காபி போட்டுண்டே இருக்கணுமா?" என்று சாவித்ரி அம்மா கேட்டார்.

பேசாமல் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்று ஜோதிக்குத் தெரிந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. இன்னொரு தடவை தப்பானால் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ஸ்ட்ரிப் எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று தெரியாமல் விட அவளுக்கு மனசு வரவில்லை.

"சார், மகேஷ்ணா மெஷின்ல ஒரு மணி நேரம் குடுங்க. அதுக்குள்ள முடியலன்னா பழைய ஃபைல் போட்டுடலாம்."

லக்ஷ்மிநாராயணன் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அப்போதுதான் நாற்காலியை இழுத்து, மகேஷின் மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "சரியாகறவரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல."

ஜோதி ஒரு சின்ன டெம்ப்ளேட் எழுதினாள். வாயில் வந்த மீன் பெயர்களைப் போட்டாள். ஒரு வரியில் சங்கரா, அடுத்த வரியில் நெத்திலி. அதற்குக் கீழே ஒரே வரியில் வஞ்சிரம், ஒரு இடம், காரப்பொடி. ஓடவிட்டாள்.

"சங்கராநெத்திலி" என்று படித்தான் மகேஷ். "இது எந்தக் கடல்ல கிடைக்கும் ஜோதி?"

"சும்மா இருங்கண்ணா. கீழ பாருங்க, வஞ்சிரமும் காரப்பொடியும் ஒட்டல."

"அதெப்படி? ரெண்டுக்கும் ஒரே கட்டளைதானே?" என்று கேட்டவர் பெரியவர். கோபத்தை மறந்து முன்னால் சாய்ந்திருந்தார்.

ஜோதி காரப்பொடிக்கு முன்னால் இன்னும் நாலு இடம் விட்டுப் பார்த்தாள். பின்பக்கத்தில் அந்த நாலும் அப்படியே இருந்தன. சங்கரா வரியின் முடிவில் நாலு இடம் விட்டாள். நாலும் காணாமல் போயின.

"வரியோட ரெண்டு ஓரத்துல இருக்கறதையும் வரி முறியறதையும் மட்டும்தான் எடுக்குது. வரிக்கு நடுவுல இருக்கறதத் தொடல" என்றாள் மெல்ல. "ஆயிரம் இடம் விட்டாலும் பிரௌசர் அதை ஒண்ணாத்தான் காட்டும். அதனாலதான் இவ்வளவு நாளா காலி வரி யாருக்கும் தெரியல. ஆனா அந்த ஒண்ணும் இல்லன்னா ஒட்டிக்கும்."

குறிப்பு எழுதிய நோட்டை எடுத்துப் பார்த்தாள். ஸ்ட்ரிப் பற்றி எழுதியது பக்கத்தின் அடியில் முடிந்திருந்தது. இன்டர்நெட்டில் அதே குறிப்பைத் திறந்தாள். அவள் எழுதி நிறுத்திய இடத்துக்குக் கீழேயே எச்சரிக்கை இருந்தது: வரியின் ஓரத்தில் வெறும் எழுத்து இருந்தால் அடுத்த வரியோடு சேர்ந்துவிடும், பார்த்துக்கொள். நோட்டில் பக்கம் தீர்ந்ததும் விஷயமும் தீர்ந்தது என்று நினைத்திருக்கிறாள். அதை யாரும் கேட்கவில்லை. அவளாகவே மகேஷிடம் காட்டினாள்.

"நான் அந்தக் கட்டளை இருக்கறதையே பாக்கல" என்றான் அவன்.

பிறகு வேலை சுலபம். அப்பாவையும் இனிஷியலையும் ஒரே வரியில் கொண்டுவந்து, நடுவில் ஒரே ஒரு இடம் விட்டாள். அம்மாவுக்கும் ஊருக்கும் வேலைக்கும் அப்படியே. ஆனால் இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்னால் படித்தாள், முதல் வரனிலிருந்து. தட்சிணாமூர்த்தியும் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் டிக்கெட் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துச் சரிபார்த்தார். நூறு வரன் தாண்டுவதற்குள் இரண்டு எழுத்துப் பிழையும், நோட்டிலிருந்தே தப்பாக வந்த ஒரு நட்சத்திரமும் அவர் கையில் சிக்கின. ஓரிடத்தில் நிறுத்தி, "இந்தப் பையன் நம்ம பொண்ணுக்குப் பொருந்துவான் போலருக்கே, எனக்கு ஏம்மா காட்டல?" என்று சாவித்ரி அம்மாவைக் கேட்டார்.

"பக்கம் திறந்தாத்தானே காட்டறதுக்கு!"

ஒரு மணி நேரம் என்று கேட்டது மத்தியானம் மூன்று மணி வரை நீண்டது. லக்ஷ்மிநாராயணன் பழைய ஃபைலைப் போடச் சொல்லவில்லை. 'அப்பா வி. தட்சிணாமூர்த்தி' என்று வந்ததைப் பெரியவர் இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லக்ஷ்மிநாராயணன் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"நீ கண்டுபிடிச்சது நல்ல விஷயம். நேத்து விடாம உட்கார்ந்ததும் பிடிச்சிருந்தது. ஆனா படிக்காம அனுப்பினே. கட்டமா தெரியுதுன்னு மூணு மாசமா யார்கிட்டயும் வாயத் திறக்கல. ஏன்?"

"புதுசா வந்தவ குறை சொல்றேன்னு நினைப்பீங்கன்னு..."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம். அப்புறம் முடிவு சொல்றேன். உனக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லிடு, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

மறுபடி அதே 'பார்க்கலாம்'. மாடிப்படி இறங்கும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நிரந்தரம் இல்லை என்றதும் வருத்தப்பட வேண்டிய மனசு, வேறு எதையோ நோண்டிக்கொண்டிருந்தது. நானூறு வரனில் நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு அந்த வரியே வராமல் போகிறதே, அங்கே ஒன்றுமில்லாமல் போவது சரியா, 'தெரியவில்லை' என்று போடுவது சரியா? இதைக் கேட்பதற்கு ஜவுளிக்கடையில் யார் இருக்கிறார்கள்? தனக்கு வேண்டியது வேலையா, இந்தக் கேள்வியா? இரண்டும் ஒன்றுதான் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறாளோ? பஸ் இரும்புலியூர் தாண்டும்போதும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அங்காளம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, எனக்கு வேல இன்னும் நிரந்தரம் ஆகல. மூணு மாசம் பாக்கறேன்னாங்க. இப்ப இன்னும் ஒரு மாசம்னு சொல்லிட்டாங்க."

கூடை கையிலேயே நின்றது. "இன்னாடி சொல்றே? நான் மார்க்கெட்டு பூரா சொல்லிகினு திரியறேன்!"

"தெரியும்மா."

"தப்பு எதுனா பண்ணியா?"

"பண்ணேன். சரியும் பண்ணிட்டேன். குரோம்பேட்டல துணிக்கடைல நிரந்தர வேலைக்குக் கூப்பிடறாங்க. நாளைக்குள்ள சொல்லணும்."

அங்காளம்மா கூடையைக் கவிழ்த்து வைத்து, கையை முந்தானையில் துடைத்தாள். "ரெண்டுல நீ எதுக்குப் போப்போறே?"

"இதுலயே இருக்கலாம்னு பாக்கறேன். ஒரு மாசம் கழிச்சி வேணாம்னும் சொல்லலாம். அதுவும் நடக்கும்."

"ஒண்ணுமில்லாததப் பாக்கற வேலதான?"

"ஆமாம்."

அங்காளம்மா கவிழ்த்த கூடையைச் சுவரோரமாகத் தள்ளினாள். பிறகு, "மார்க்கெட்டுல நான் ஒண்ணும் மாத்திச் சொல்ல மாட்டேன், சொல்லிட்டேன். துணிக்கடைக்காரனுக்கு நீயே நேர்ல போய் சொல்லிடு. போன்ல சொன்னா மரியாத கெடையாது" என்றாள்.

மறுநாள் காலை அரை மணி முன்னதாகவே ஜோதி கிளம்பினாள். தாம்பரத்தில் இறங்காமல் அதே பஸ்ஸில் குரோம்பேட்டை வரை போனாள். கடையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜரிடம், "கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி சார், நான் வரல" என்றாள். அவர் காரணம் கேட்டார். என்ன சொல்வது என்று யோசித்துவிட்டு, "அங்க ஒண்ணு இன்னும் புரியல சார்" என்றாள். வெளியே வந்து சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் தாம்பரம் பஸ்ஸில் ஏறினாள்.